தலையசைப்பு

இந்த நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது. நான் பரிந்துரைத்ததுதான். காவல்துறைக்கு மனநல ஆலோசகராக நான் வருவதற்கு முன் இந்த அறையில் ஒரு கால் குட்டையான ஸ்டூல் கிடந்தது. அன்றைய விசாரணைக்கு மூளை தேவைப்படவில்லை. கை வலிக்காமல் இருந்தால் போதும்.

அதையெல்லாம் மாற்றினேன். அடிக்காதீர்கள், கேளுங்கள் என்றேன். சாட்சி பேசும்போது தலையாட்டாதீர்கள், ஆட்டினால் அவர் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்றேன். உங்கள் அதிகாரிகளுக்கு இது லேசில் ஏறவில்லை. தலையாட்டித்தானே பாவம் பதவி உயர்வே வாங்கியிருந்தார்கள்.

பிறகு அந்தக் கணக்கு ஆசிரியை வந்தார். சைக்கிளில் போன தச்சரை ஒரு கார் இடித்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தவர். தச்சர் பிழைக்கவில்லை. முக்கியமான சாட்சி என்பதால் என்னிடமே அனுப்பினார்கள். அப்படியொரு கௌரவத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"வெள்ளை கார் சார். ஓட்டினவர் இறங்கி அடிபட்டவர் பக்கத்துல உட்கார்ந்தார். உதவி பண்றார்னு நினைச்சுதான் நான் கீழ போகல. வயசானவர். கண்ணாடி போட்டிருந்தார், இதோ உங்கள மாதிரி."

நான் பேசவில்லை. மௌனம் எனக்குச் சிறு வயதிலிருந்தே சௌகரியமான இடம். மற்றவர்களுக்கு அது முள்.

"அப்படித்தான்னு நினைக்கிறேன்," என்றார்.

அதற்கும் பேசவில்லை.

"இருட்டிட்டு வந்துச்சு. ஒருவேளை கண்ணாடி இல்லையோ?"

தலையாட்டினேன். மிக லேசாக.

கண்ணாடி போயிற்று. பிறகு வயது போயிற்று. கடைசியில் காரே போய் ஒரு வேன் வந்தது. அவர் வாயில் நான் ஒரு வார்த்தைகூடத் திணிக்கவில்லை. பதிவைக் கேட்டால் தெரியும். கிளம்பும்போது, "நீங்க இல்லேன்னா இவ்வளவு ஞாபகம் வந்திருக்காது சார்," என்றார். வாஸ்தவம்தான்.

பால் வேன் ஓட்டுநர் ஒருவன் சிறைக்குப் போனான். அவன் மனைவி என் அறைக்கு வந்து நின்றாள். "நீங்க பேசினா உண்மை வெளிய வந்துடும்னு சொல்றாங்க சார். அவர்கிட்ட ஒரே ஒரு தடவ பேசுங்களேன்." பேர் வாங்கிவிட்டால் இப்படிச் சில தொந்தரவுகள். நேரமில்லை என்றேன்.

என் வகுப்பில் நீங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அந்த வீடியோ பதிவை ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்க்க உங்களுக்குத்தான் தோன்றியிருக்கிறது. வாழ்த்துகள். அவனை வெளியே கொண்டுவர என் வாயிலிருந்து ஒரு வாக்குமூலம் வேண்டும், அவ்வளவுதானே? எழுதிக்கொள்ளுங்கள். கார் என்னுடையது. இடித்தவன் நான்.

ஆனால் உங்கள் அறிக்கையில் 'விட்டுவிட்டு ஓடினார்' என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். நான் ஓடவில்லை. தச்சருக்கு நல்ல நினைவு இருந்தது. "யாரையாவது கூப்பிடுங்க சார்," என்றார். போன் சட்டைப்பையில்தான் இருந்தது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸோடு உங்கள் ஆட்களும் வருவார்கள், என்னை விசாரிப்பார்கள். அவர்களுடைய பயிற்சியோ அப்போது பாதியில்தான் இருந்தது. தச்சர் தன் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேசுகிறவரைக் குறுக்கிடும் பழக்கம் எனக்கு இல்லை. குரல் நிற்கும்வரை கூடவே உட்கார்ந்து கேட்டேன்.

அவர் வாழ்நாளில் அவர் சொன்னதை அவ்வளவு பொறுமையாக வேறு யார் கேட்டிருப்பார்கள்?