பேசும் கல்வீடு

உருளைக்கிழங்கு வயலில் நடக்கும்போது பாத்தியை மிதிக்காமல் வரப்போடு நடப்பது என் பழக்கம். பள்ளங்கி ஊர்க்காரர்கள் என்னைப் பற்றி முதலில் சொன்ன நல்ல வார்த்தை அதுதான். டவுனிலிருந்து வருகிறவர்கள் யாரும் அப்படி நடப்பதில்லையாம். இன்ஸ்பெக்டர் ஐயா எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

என் பெயர் பரமானந்தம். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் சரித்திர ஆசிரியராக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுமுறை நாட்களில் மலையில் இருக்கும் கல்திட்டைகளைத் தேடிப் போவேன். நாலு பக்கமும் பலகைக்கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லால் மூடி, பழங்காலத்து ஜனங்கள் செத்தவர்களுக்குக் கட்டிய வீடு அது. முன்பக்கக் கல்லில் ஓர் ஆள் ஊர்ந்து நுழைகிற அளவுக்குத் துளை இருக்கும். ஊரில் குள்ளர் வீடு என்பார்கள்.

பள்ளங்கிக்கு மேலே நாச்சிமுத்துவின் பூண்டு வயலை ஒட்டி அப்படிப் பதினொன்று இருந்தன. நான் முதலில் பார்த்தது எழுபத்தொன்றில். எழுபத்தெட்டில் நான்குதான் மிச்சம். மழையில் அவருடைய வயலின் தடுப்புச்சுவர் சரியும் போதெல்லாம் அவர் ஒரு வீட்டைப் பிரித்துக் கல் எடுத்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளாமல் பல தடவை எடுத்துச் சொன்னேன்.

“கல்லு எங்கயும் போகல சார். அந்தா, செவத்துலதான் கெடக்கு. செத்தவன் வீட்டுக்கு நீங்க இருக்கீங்க. என் பூண்டுக்கு யாரு இருக்கா?” என்று சிரித்தார். நல்ல மனிதர். எனக்கு அவர்மேல் எந்த வெறுப்பும் கிடையாது.

அந்த ஆகஸ்டில் சுற்றுலா அதிகாரி ஒருவர் வந்து பார்க்கச் சம்மதித்தார். அவருக்குப் பிடித்திருந்தால் பாதை வரும், பெயர்ப்பலகை வரும், இடத்துக்குப் பாதுகாப்பு வரும். ஏழு வருடமாக நான் எழுதிய மனுக்களுக்கு அதுதான் முதல் பதில். நாச்சிமுத்துவிடமும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“கவர்மெண்டு வந்து பாத்துட்டா கம்பி வேலி போட்டுருவாங்க சார். அப்புறம் என் நெலத்துல நான் கால் வைக்க அவுங்ககிட்ட சீட்டு வாங்கணும்.”

அதிகாரி வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, விடிந்ததும் நான் பெருக்கி வைக்கப் போனேன். பனிமூட்டம். பெரிய கல்வீட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. நாச்சிமுத்து கடப்பாரையோடு உள்ளே நுழைந்து பின்பக்கப் பலகைக்கல்லின் அடியைத் தோண்டியிருக்கிறார். கல் சாய்ந்து அவருடைய வலது கால்மேல் விழுந்து கிடந்தது. கடப்பாரை துளைக்கு வெளியே தெறித்து என் காலருகே கிடந்தது.

“சார், நெம்பி விடுங்க. வெரசா, சார்.”

நெம்பினால் மூடுகல் இறங்கி உடைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஆட்களைக் கூப்பிட்டால் சம்மட்டியோடுதான் வருவார்கள். இதை நான் நிதானமாகவே யோசித்தேன். பிறகு, பூண்டு கட்டுவதற்காக வரப்பில் போட்டிருந்த சணல் சாக்குகளை எடுத்துத் துளையில் செருகி, முன்னால் கற்களை அடுக்கினேன். குளிர் உள்ளே வராது என்று அவரிடம் சொன்னேன்.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். களைத்துப்போயிருந்தார். மற்ற மூன்றையும் காட்டினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தார். பெரிய கல்வீட்டின் பக்கத்தில் வந்தபோதுதான் நின்றார்.

“என்ன சார் சத்தம்?”

காற்று என்றேன். கல்லிடுக்கில் புகுந்து அப்படிக் கேட்கும், ஊரில் முன்னோர் பேசுவதாகச் சொல்வார்கள் என்றேன். அப்படி யாரும் சொன்னதில்லை. அவர் மண்டிபோட்டு மூடுகல்லில் காதை வைத்தார். எழுந்தபோது கையில் மயிர் சிலிர்த்திருப்பதைக் காட்டினார். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

நாச்சிமுத்து அன்று வடுகப்பட்டி சந்தைக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார். ஆகவே மலைக்குக் கீழேதான் தேடினார்கள். பெரியகுளத்தில் பார்த்ததாக ஒருவர், வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டதாக இன்னொருவர். அவர் மனைவி சின்னத்தாயி அதை நம்பவில்லை. ஆனால் அவரைத் தேடி அந்த அம்மாள் மேலே வந்து பார்க்கவுமில்லை. தன் வயலை ஒட்டி ஒருவர் எப்படித் தொலைந்துபோக முடியும்?

திங்கட்கிழமை சத்தம் நின்றுவிட்டது. துளையை ஒழுங்கான கற்களால் அடைத்து மண் பூசினேன். ஆறு மாதத்தில் பாதை வந்தது, வேலியும் வந்தது. நிலத்தை விட்டுக்கொடுக்கிற தாளில் சின்னத்தாயி கைநாட்டு வைத்தார். வேலிக்கு வெளியே டீக்கடை போட நான்தான் சிபாரிசு செய்தேன். சீசனில் ஒரு நாளைக்கு நாலு வேன் வரும். நான் சரித்திரம் சொல்வேன். எல்லாரும் கல்லில் காதை வைப்பார்கள், கேட்கிறது என்பார்கள். அதில் எனக்கு ஆச்சரியமில்லை, எனக்கும் கேட்டது. நின்ற சத்தம் ஒரு மாதத்தில் திரும்ப வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குப் பின்னால் கேட்டது. மாதா கோவிலில் பூசை நடக்கும்போது பீடத்தின் கல்லிலிருந்து கேட்டது. எட்டு வருடத்தில் நான் கல்சுவர் உள்ள மூன்று வீடுகளைக் காலி செய்து, கடைசியில் தகரக்கொட்டகைக்குக் குடிபோனேன். அங்கே கொஞ்சம் குறைவு.

போன செவ்வாய்க்கிழமை கூட்டமில்லை. சின்னத்தாயி டீயை வைத்துவிட்டு, முதல் தடவையாக வேலிக்குள் வந்து கல்லில் காதை வைத்தார்.

“ஒண்ணும் கேக்கலயே சார். சும்மாதானே கெடக்கு.”

“கேட்குமே அம்மா. தெளிவாகக் கேட்குமே.”

“உங்களுக்குக் கேக்குதா? அப்படி என்னதான் சொல்லுது?”

நான் களைப்பாக இருந்தேன். காதில் விழுந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

“செவலை ஈனுற நேரம், சின்னத்தாயிக்கு ஒத்தையில சமாளிக்க முடியாது, விடுங்கன்னு சொல்லுது.”

செவலை அவர்கள் வீட்டுப் பசு. நாச்சிமுத்து போன அந்த வாரமே கன்று ஈனமுடியாமல் செத்துவிட்டதாம். அது எனக்குத் தெரியாது. சின்னத்தாயி என்னை ஒரு தடவை பார்த்தார். டீ கிளாஸை எடுத்துக் கழுவி வைத்தார், அடுப்பை அணைத்தார். மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

கல்லைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று நேற்று ஐயாவிடம் சொன்னேன். அதில் இரண்டு திருத்தம் செய்ய வேண்டும்.

ஒன்று, திங்கட்கிழமை துளையை அடைக்கும் முன், பார்வைக்கு நன்றாயிருக்கட்டும் என்று அந்தக் கடப்பாரையால் சாய்ந்த பலகைக்கல்லை நான் ஒருவனாகவே நெம்பி நிமிர்த்தினேன். மூடுகல் அசையக்கூட இல்லை.

மற்றது ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பூசை முடிந்து நேரே அங்கே போனேன். சாக்கை விலக்கினேன். அவர் குரல் சிறுத்துப்போயிருந்தாலும் நல்ல தெளிவு.

“சார், இனிமே ஒரு கல்லையும் தொடமாட்டேன். ஊர்க்கூட்டத்துல சத்தியம் பண்றேன். வேலி போட்டாலும் போட்டுக்கட்டும்.”

அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். கல் அந்த நிமிஷமே தப்பித்துவிட்டது. ஆனால் அதிகாரி முந்தின நாளே நோட்டில் ‘பேசும் கல்வீடு’ என்று எழுதிக்கொண்டு போயிருந்தார். பேசாத கல்லைப் பார்க்க அத்தனை தூரம் யாரும் ஏறி வரப்போவதில்லை. நான் சாக்கை மறுபடி செருகிவிட்டு, சத்தம் போதுமான அளவு வெளியே வருகிறதா என்று தள்ளி நின்று கேட்டுப் பார்த்தேன்.