ஸ்டியரிங்கைத் திருப்பினது யாரு?

– ம்ஹூம். சாவி திரும்பவே மாட்டேங்குதுங்க.

– அழுத்தாதே… உள்ளேயே ஒடிஞ்சிரும்.

– அழுத்தல. சும்மா தொட்டேன்.

– தொடுறதுக்கு… பல்லைக் கடிக்கணுமா?

– கிண்டலுக்கு மட்டும் வாய் நல்லா வருது! ஸ்ட்ரோக் வந்து அஞ்சு மாசம் ஆச்சு, ஒரு டம்ளர் தண்ணி கேக்க ஒரு யுகம் ஆகுது. பொண்டாட்டியைக் கிண்டல் பண்ண கண் இமைக்கிற நேரம்கூட ஆகல.

– இருபது வருஷப்… பழக்கம்.

– மணி ஒன்பதே கால். பத்து மணிக்கு அங்க இருக்கணும். வண்டி வாங்குறவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.

– இருக்கட்டும்.

– என்ன இருக்கட்டும்? நீங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆகுமாம்.

– இடது கையால… கிறுக்குறதுக்குப் பேரு… கையெழுத்தா?

– பேச்சை மாத்தாதீங்க. ஊர்ல பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கத்துக்குடுத்த வாத்தியார் பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க. சொல்லுங்க, இப்ப என்ன பண்ணணும்?

– சாவி… சரியான சாவிதானா?

– இது வாசல் சாவி, இது பீரோ சாவி, இது வண்டி சாவி. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

– போன வாரம்… பீரோ சாவியைத்தானே… விட்டே.

– அது ஒரே ஒரு தடவை!

– அழுக்கா இருக்கும். துடைச்சுப் பாரு.

– முந்தானையில துடைச்சாச்சு. ஊதியாச்சு. எடுத்து மறுபடி போட்டாச்சு.

– கியர்?

– நியூட்ரல்.

– ம். இந்த வண்டியில கியருக்கும் சாவிக்கும்… சம்பந்தமில்ல. சும்மா… கேட்டேன்.

– ஏங்க! நேரம் ஓடுது, நீங்க எனக்குப் பரீட்சை வைக்கிறீங்களா? பேட்டரி போயிருக்குமோ?

– பேட்டரி போனாலும்… சாவி திரும்பும். வண்டிதான்… கிளம்பாது.

– அப்ப மெக்கானிக்குக்குப் போன் போடுறேன்.

– வேணாம்!

– ஐயோ, ஏன் இப்படிக் கத்துறீங்க?

– இல்ல… அவன் வர… பதினொண்ணு ஆயிரும்.

– அதுதானே உங்களுக்கு வேணும்? முகத்தை அந்தப் பக்கம் திருப்பாதீங்க. உங்க கால்கிட்ட தனி பிரேக்கு, தலைக்கு மேல எல் போர்டு… கத்துக்க வர்ற ஆளும் இல்ல, கத்துக்குடுக்குற ஆளும் இல்ல. சும்மா நிக்குது. இந்த வலது கை இனிமே அவ்வளவுதான்னு யாரு சொன்னது? டாக்டரா?

– நான்… சொன்னேன்.

– சொல்லிட்டு சுவத்தைப் பாத்துப் படுத்துட்டீங்க. மூணு வாரமா கைப்பயிற்சிக்கு வரவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறீங்க.

– போன மாசம்… விரல் அசையுதுன்னு சொன்னேன். நீ எல்லாருக்கும்… போன் போட்டே. அப்புறம் டாக்டர்… வெறும் நடுக்கம்னாரு.

– சரி, அதுக்கென்ன இப்ப?

– அன்னைக்கு… குழாயைத் திறந்துவிட்டு… உள்ள அழுதே.

– …தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சேன்.

– கேட்டுச்சு.

– விடுங்க, நேரமாச்சு.

– வண்டியை வாங்குறது… யாரு?

– ஒரு அம்மா. ரொம்பக் கண்டிப்பு. பத்து மணின்னா பத்து மணிதான்.

– டிரைவிங் ஸ்கூல்… நடத்துதா?

– அது… அந்த மாதிரிதான். கத்துக்குடுக்குறவங்க.

– ம்.

– ஆமா, இந்த ஸ்டியரிங் ஏன் கல்லாட்டம் இருக்கு? இந்தப் பக்கமும் வரல, அந்தப் பக்கமும் வரல. கோணலா வேற நிக்குது. நேத்து நான் நேராத்தானே விட்டுட்டு இறங்கினேன்? சாவியை எடுத்தப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பினா பூட்டிக்கும்னு எங்க மாஸ்டர் சொன்னாரு.

– உங்க மாஸ்டர்… நம்ம எதிர்க்கடை… டிரைவிங் ஸ்கூல்காரன்.

– நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தீங்க. வேற யார்கிட்ட போய்க் கத்துக்குறது?

– நல்லாத்தான்… சொல்லிக்குடுத்திருக்கான்.

– அப்ப… உங்களுக்கு முதல்லயே தெரியுமா?

– ஸ்டியரிங்… எந்தப் பக்கம் லேசா அசையுதோ… அந்தப் பக்கம் இழுத்துப் பிடி. இழுத்தபடியே… சாவியைத் திருப்பு. ரெண்டும் சேர்ந்தாப்ல. மெதுவா.

– இப்படியா… இருங்க… ஆ! திரும்பிடுச்சு! திரும்பிடுச்சுங்க!

– தெரியும்.

– தெரியுமா? இவ்வளவு நேரம் என்னைத் துடைக்க வச்சு, ஊத வச்சு… யாரு இதைத் திருப்பினது? வீட்டுல இருக்கிறது நீங்களும் நானும்தான்.

– காலையில… நீ குளிக்கப் போனே. கடைசியா ஒரு தடவை… ஸ்டியரிங் முன்னால உட்காரலாம்னு…

– தடியை ஊனிக்கிட்டுத் தனியாவா வந்தீங்க? விழுந்திருந்தா? உட்கார்ந்தா சும்மா உட்கார்ந்துட்டுப் போக வேண்டியதுதானே, இடது கையால அதைப் போய் நோண்டி…

– இடது கைமேல… உட்கார்ந்திருந்தேன்.

– என்னது?

– திருட்டுத்தனம்… பண்ணக்கூடாதுல்ல. அதான் இடது கையை… தொடைக்கு அடியில… வச்சுக்கிட்டேன்.

– ஏங்க…

– வலது கையை மேல வச்சு… இழுத்தேன். ரெண்டு தடவை… ஒண்ணுமில்ல. மூணாவது தடவை… டக்குனு ஒரு சத்தம். வெறும் நடுக்கத்துக்கு… ஸ்டியரிங் பூட்டிக்காது.

– ஏங்க… நிஜமாவா…

– அழாதே. வாயால சொல்ல… பயமா இருந்துச்சு. இந்தத் தடவை… நீயே தொட்டுப் பாக்கணும்னுதான்… பேசாம இருந்தேன். அந்த அம்மாவுக்குப் போன் போடு. வண்டியை… விக்கலைன்னு சொல்லு.

– எந்த அம்மாவும் வண்டி வாங்கலீங்க. அவங்க கைப்பயிற்சி குடுக்குற அம்மா, மூணு வாரமா பத்து மணியை உங்களுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்காங்க… விக்கப் போறோம்னு சொன்னாத்தானே நீங்க வண்டியில ஏறுவீங்க! சரி, பெல்ட்டைப் போடுங்க… ம்ஹூம், என்னைப் பாக்காதீங்க. அந்த வலது கையால நீங்களே போடுங்க, நான் காத்திருக்கேன்.