நான்கு நிறங்களில் ஒரு மலை

வண்ணங்களை வசப்படுத்திய வித்தகியே! முப்பத்து மூன்று ஆண்டுகள் மஞ்சுவெளி மாணவர் கைகளுக்குத் தூரிகையும் கண்களுக்குத் தெளிவும் தந்து, இன்று ஓய்வு பெறும் எங்கள் சித்திரப்பாட ஆசிரியை திருமதி நாகலெட்சுமி அழகுமுத்து அவர்களே! வியந்து வணங்குகிறோம்!

அம்மையீர்! தங்கள் பணிகளை அடுக்கினால் இப்பகல் போதாது. ஒன்றை மட்டும் உரைக்கிறோம். மண்சரிவின் அறிகுறிகளைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உணர்த்தக் கணினி விளையாட்டொன்றை உருவாக்க முனைந்தார், எங்கள் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் உமாசுதன். இலைக்கு இலை நிழலும் துளிக்குத் துளி ஒளியுமாய் உண்மை மலையையே திரையில் எழுப்ப விரும்பினார். பாடசாலையின் ஏழு பழைய கணினிகளோ முதல் மரம் அசையுமுன்பே திணறி நின்றன. புதியவை கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை, மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அதுவரை கணினி விளையாட்டைத் தொட்டறியாத தாங்கள், உறைந்து நின்ற திரையை நெடுநேரம் நோக்கினீர்கள்.

"இவ்வளவு இலையையும் எடுத்துருங்க சேர்," என்றீர்கள்.

"இலை இல்லாத மரத்தைப் பாத்துப் பிள்ளையள் சிரிப்பினம் டீச்சர்!" என்றார் உமாசுதன்.

"பனி மூடுனா நம்ம மலையில எத்தன இலை தெரியுது? ஆனா மலை மலையாத்தானே இருக்கு! புள்ளைங்க பாக்க வேண்டியது மண்ணுல விழுற வெடிப்பத்தான். அது மட்டும் செவப்பா இருக்கட்டும்."

சாம்பல், வெள்ளை, கரும்பச்சை, சிவப்பு. நான்கே நிறங்கள், மூன்றே வாரங்கள்! தூரத்தைப் பனியால் மறைத்தீர்கள். கணினியின் சுமை குறைந்தது. தொழிலாளர் வீட்டுவரிசையாம் லயத்தை ஐந்து கோடுகளில் நிறுத்தினீர்கள். பார்த்தவரெல்லாம் அதைத் தம் லயம் என்றார்கள். இயந்திரத்தின் இயலாமையென்று நாங்கள் நொந்ததையே எழிலாக்கினீர்கள்! திணறிய கணினிகள் தடையின்றி ஓடின; மறுத்தவரே முதலில் கைதட்டினார்.

பாடசாலைக் கண்காட்சியில், எழுத்தறியாத கொழுந்து பறிக்கும் தொழிலாளி அழகம்மாவும் மகளோடு அமர்ந்து விளையாடிப் பார்த்தார். மறுமாதம், ஐந்தாம் நாளாய் அடைமழை பொழிந்த காலையொன்றில், தம் லயத்தின் பின்மேட்டில் விரலகல வெடிப்பைக் கண்டார்.

"அந்த கேம்ல வந்த வெடிப்புக் கோடு இங்க இருக்கு! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கதவு கதவாகத் தட்டினார்.

பன்னிரண்டு குடும்பங்களும் கோயிலடியை அடைந்து அரைமணி நேரத்தில் மேடு சரிந்து லயத்தை மூடியது. ஓர் உயிரும் போகவில்லை! செய்தி வந்தபோது தாங்கள் ஆசிரியர் அறை மேசையில் முகம் புதைத்து அழுததை நாங்கள் கண்டோம். "இலையெல்லாம் இருந்திருந்தா அந்தக் கோடு அவவின்ர மனதில நிண்டிருக்குமோ?" என்று அன்று கேட்டார் உமாசுதன்.

பெருமாட்டியே! உடல் நலமும் உள்ள நிறைவும் நீங்காது துணைநிற்க, பேரப்பிள்ளைகள் சூழ, தங்களுக்கெனவே இனி வரையும் நெடிய ஆண்டுகள் வாய்க்கட்டும்! இம்மடலைத் தங்கள் கரங்களில் சேர்க்க நாங்கள் வரவில்லை. முன்வரிசையிலிருந்து, பன்னிரண்டு குடும்பங்களின் சார்பில், அழகம்மா எழுந்து வருகிறார்.

தங்களை என்றும் வியக்கும்
ஆசிரியர் குழாத்தினர்,
மஞ்சுவெளித் தமிழ் வித்தியாலயம்,
லிந்துலை.