அத்தானும் சுறாக்களும்

அத்தானைப் படம் எடுப்பது லேசான வேலை இல்லை, சார். தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்ள அவருக்கு அவகாசம் வேண்டும், கடலுக்கடியிலும் வேண்டும்.

நான் டைவிங் வழிகாட்டி. அவர் என் அக்கா கணவர். ‘பயத்தை வெல்லுங்கள்’ என்று வகுப்பு எடுப்பவர். போன வருடம் ஆழத்தில் பாரை மீன் கூட்டம் சுவர் போல எழும்பி நிற்க, அதன் பின்னாலிருந்து சில சுறாக்கள் சும்மா எட்டிப் பார்த்தன. அத்தான் என் முதுகில் உடும்பாக ஒட்டிக்கொண்டார். மேலே இழுத்து வந்தது நான்.

சாப்பாட்டு மேசையில் கதை தலைகீழானது. “மச்சான் வெலவெலத்துட்டான். நாந்தான் கையப் புடிச்சு மேல கொண்டாந்தேன்” என்றார். “இத ஏங்க எங்கிட்ட சொல்லவே இல்ல?” என்று என்னைக் கேட்டபடி என் மனைவி அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு பரிமாறினாள். நான் கோபக்காரன் இல்லை. சிரித்தேன்.

இந்த வருடமும் வந்தார். அங்கே நீரோட்டம் ஆளை அள்ளிக்கொண்டு போகும். பிரிந்துபோனவர் ஆரஞ்சுப் பலூனை ஊதி மேலே விட்டால்தான் படகுக்கு இடம் தெரியும். “இது இடுப்புல புடைச்சுக்கிட்டு நிக்குது மச்சான், படத்துல அசிங்கமா விழும்” என்று கழற்றிக் கொடுத்தார். பெரியவர் பேச்சைத் தட்டாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கீழே, மீன் கூட்டத்தின் நடுவே கைகளை விரித்து நின்றார். நான் கேமராவோடு பின்வாங்கிப் பாறை மறைவில் ஒதுங்கினேன். நீரோட்டம் அவரைக் கொண்டுபோனது. சுறாக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவை அவருடைய வகுப்பில் சேராதவை.

நான் மேலே வந்து படகில் ஏறியதும், “சார் எங்கண்ணே?” என்றான் படகோட்டி. தெற்கே, வெகு தூரத்தில், ஒரு தலையும் ஆடுகிற கையும் எனக்குத் தெரிந்தன. நான் வடக்கே காட்டினேன். இருட்டும்வரை வடக்கே மிகுந்த அக்கறையோடு தேடினோம்.

கேட்டவர்களிடம், “சுறா சூழ்ந்துக்கிச்சு, நீ முதல்ல மேல போன்னு சைகை காட்டினார்” என்றேன். செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதுதானே மரியாதை.

அதுதான் வினையாகிவிட்டது. நேற்று அவருடைய வகுப்பு மண்டபத்தில் பளிங்குக் கல் திறந்தார்கள். ‘மைத்துனரின் உயிர் காக்கத் தன்னுயிர் ஈந்த தீரர்’ என்று தங்க எழுத்தில். என் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “இனிமேலாவது அவர மாதிரி தைரியமா இருங்க” என்றாள்.

கொன்றது நான்தான், சார். அதை வாக்குமூலத்தில் உங்கள் இஷ்டப்படி எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். போன வருடம் யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்பதை மட்டும் முதல் வரியில், கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போடுங்கள்.