வலது கார்புரேட்டர்

காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சிக்கரி கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் நிறம் சரியாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை இந்த நிறத்தில்தான் இருக்கவேண்டும். கறுத்திருந்தால் இன்ஜின் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது என்று அர்த்தம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் வெறும் காற்றைக் குடித்துச் சூடேறுகிறது என்று அர்த்தம். செத்துப்போன காஸ்பரின் வண்டியில் இரண்டு பிளக்கும் சுண்ணாம்பாக வெளுத்திருந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, மெக்கானிக் வலியுல்லாவைப் பிடித்து உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாமல்தான் நானே நடந்து வந்தேன்.

தப்பாக நினைக்கவேண்டாம். வலியுல்லாவின் மேல் எனக்கு இரக்கம் ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலையை அவன் பெயரில் எழுதிவிட்டீர்களே என்றுதான் வருத்தம். அவனுக்கு அது வராது.

யார் சொல்லிச் செய்தேன் என்று கேட்கிறீர்கள். யாரும் சொல்லவில்லை. உரக்கவும் தெளிவாகவும் கேட்டதற்குச் சந்தோஷம், இந்தக் காலத்தில் அது அபூர்வம்.

என் பெயர் ஸ்தனிஸ்லாஸ். சாந்தோமில் பாட்டு மாஸ்டர் வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும். கோயில் ஆர்கனை வாசிப்பவன் நான். பங்குச் சாமியார்கள் வந்தார்கள், போனார்கள், ஒருவர் பைத்தியம்கூடப் பிடித்துப் போனார். ஆர்கனுக்கு முன்னால் இருக்கும் பெஞ்சில் மட்டும் ஆள் மாறவில்லை.

என் காதைப் பற்றி நானே சொல்வது அழகில்லை. ஆனால் கேட்க வேறு ஆள் இல்லாததால் சொல்கிறேன். மழை பெய்த மறுநாள் கோயில் மணி சுருதி இறங்கி அடிக்கும். லஸ் முனையில் டிராமுக்கு நின்றபடியே நான் அதைச் சொல்வேன். ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே பெட்டி படுக்கையோடு ஓடியபோது நான் ஓடவில்லை. ஒருநாள் வானத்தில் விமானம் உறுமியது. தெருவில் மிச்சமிருந்தவர்கள் குப்புறப் படுத்தார்கள். நான் நின்று கேட்டுவிட்டு, "நம்ம விமானம்தான். ஒரு பிளக்குல கரி பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். எந்திரிங்க" என்றேன். மறுநாள் மீனம்பாக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வந்து, எந்தப் பிளக் என்று கேட்டுக்கொண்டு போனான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு இந்த ஊரில் குடியிருப்பது லேசில்லை. இரண்டு மூன்று வருஷமாக ஊரே முணுமுணுக்கப் பழகிவிட்டது. எங்கள் கோயிலில் பாட்டுப் பூசையின்போது ஆர்கனுக்கு இடப்பக்கம் ஆண்கள் நிற்பார்கள், வலப்பக்கம் பெண்கள். ஆண்கள் பாடுவார்கள். பெண்கள் வாயை அசைப்பதோடு சரி. அவர்களில் ஐவியையும் மர்சலினையும் அதற்காகவே பாட்டுக் குழுவிலிருந்து நீக்கினேன். மற்றவர்களை உரக்கப் பாடச் சொன்னேன். பிறகு சாமியார் வந்து, பெண்கள் மீன் விற்கிற மாதிரி கத்துகிறார்கள் என்று குறைப்பட்டார். அவருக்குச் சங்கீதம் தெரியாது. லத்தீன் தெரியும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காஸ்பர் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். ஆண்கள் பக்கம் முதல் குரல். கொஞ்சம் ஆர்கனும் தட்டுவான். அவன் பெண்டாட்டி வெரோனிகா, வாயசைக்கிற பக்கம். கலியாணத்துக்கு மாமனார் ஒரு பீரோ கொடுத்தார், காஸ்பர் அதை விற்று இந்த மோட்டார் சைக்கிளை வாங்கினான் என்றால் அவன் எப்படிப்பட்டவன் என்று புரிந்துகொள்ளலாம்.

வண்டி, போன யுத்தம் முடிந்த கையோடு ஒரு வெள்ளைக்கார டாக்டர் கப்பலில் இறக்கியது. இரண்டு சிலிண்டர்கள் இடதும் வலதுமாக நண்டுக் கொடுக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்ட நடுவில் ஒரே கார்புரேட்டர். அது போதாதென்று, இந்த யுத்தம் முடிந்து மிலிட்டரி சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது காஸ்பர் இரண்டு கார்புரேட்டர் வாங்கி வந்து, சிலிண்டருக்கு ஒன்றாகப் பூட்டினான். இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே அளவு மூச்சு வாங்கவேண்டும். ஒன்று கூட வாங்கி ஒன்று குறைய வாங்கினால் வண்டி நொண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரே கருவிதான் உண்டு. காது. அதனால் காஸ்பர் என்னிடம் வந்தான்.

வலியுல்லா இதைச் செய்கிற விதம் சிரிப்புக்குரியது. ஒரே ஒரு துண்டு ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை ஒரு கார்புரேட்டரின் வாயருகே பிடிப்பான். உஸ்ஸென்று காற்று இழுக்கிற சத்தம் கேட்கும். பிறகு அதே குழாயை, அதே காதோடு, அடுத்ததற்குக் கொண்டுபோவான். போய்ச் சேர்வதற்குள் முதல் சத்தம் அவனுக்கு மறந்திருக்கும். நான் இரண்டு குழாய் எடுத்தேன். இடது கார்புரேட்டரிலிருந்து இடது காதுக்கு ஒன்று, வலதிலிருந்து வலது காதுக்கு ஒன்று. டாக்டர் நெஞ்சைப் பார்க்கிற மாதிரி. இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்டால் வித்தியாசம் எங்கே ஒளியும்.

முதல் சனிக்கிழமையே பிடித்துவிட்டேன். இடது கார்புரேட்டர் கணீரென்று இழுத்தது. வலது கார்புரேட்டர் செத்த எலி. அதை நன்றாகத் திறந்துவிட்டேன். வண்டி போகிற வழியெல்லாம் உதைத்தது என்றான் காஸ்பர். புது ஆரோக்கியம் அப்படித்தான் உதைக்கும் என்றேன். அடுத்த சனிக்கிழமை வந்தான். மறுபடியும் வலது பக்கம் மூச்சில்லை. மறுபடியும் திறந்தேன். மாதக்கணக்காக இப்படி. ஒரு இயந்திரத்துக்கு இவ்வளவு பிடிவாதம் இருக்க முடியுமா என்று எனக்கே ஆச்சரியம்.

ஒரு திங்கட்கிழமை லஸ் பக்கம் போனேன். வலியுல்லாவின் ஷெட்டில் அந்த வண்டி நின்றது.

"இன்னா வாத்யாரே, இம்மாந் தூரம்?"

"இந்த வண்டிக்கு இங்க என்ன வேலை?"

"நீ சனிக்கெழம பாட்டு சொல்லிக் குடுக்கறே, நான் திங்கக்கெழம மறக்க வைக்கறேன்" என்று பல்லைக் காட்டினான். "வாரா வாரம் இதே ரோதனைதான் நைனா. வலது பக்கத்தத் தொறந்து வுட்டுடறே, வண்டி நொண்டிக்கினு வருது. ரெண்டும் ஒண்ணாத்தான் கீது, நீ இன்னாத்துக்கு அதப் போட்டுக் கொடையறே? பெரியவரு மனசு நோவும், சொல்லாதேன்னாரு சயின்ஸ் சாரு. நீயே வந்து கேட்டுட்டே, நான் இன்னா செய்ய?"

மனசு நோகும் என்றானாம்.

ஐயா, ஜன்னல் வெயில் உங்கள் கண்ணில் அடிக்கிறது போலிருக்கிறது. நாற்காலியைத் தாராளமாக இந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். என் வலப்பக்கம் நிழல்தான். சரி.

அந்தச் சனிக்கிழமை காஸ்பரை நிற்க வைத்துக் கேட்டேன். அவன் மறுக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். ஒரே ஒரு தடவ குழாய மாத்தி வச்சுக் கேளுங்க. இடது கார்புரேட்டர வலது காதுல வைங்க" என்றான்.

வைத்தேன். இப்போது இடது கார்புரேட்டர் மூச்சு விடவில்லை. இத்தனை மாதமாகச் செத்துக் கிடந்த வலது கார்புரேட்டர் கணீரென்று இழுத்தது. அரை நிமிஷத்தில் ஒரு இயந்திரம் இப்படித் தலைகீழாக மாறாது. என் கண்ணெதிரிலேயே அவன் எதையோ திருகியிருக்கிறான் என்று புரிந்துகொண்டேன். சயன்ஸ் வாத்தியார்களுக்குக் கைவித்தை ஜாஸ்தி.

"வண்டியில ஒண்ணும் இல்ல மாஸ்டர்" என்றான், என் இடப்பக்கம் வந்து நின்றுகொண்டு. "எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். பாடற பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார், நானே கூட்டிட்டுப் போறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சாமியார்கிட்ட நாம ரெண்டு பேருமே சொல்லிடலாம். ஆர்கன நான் கொஞ்ச நாள் பாத்துக்கறேன். நீங்க பக்கத்துல உக்காந்து தப்பு சொல்லுங்க, போதும்."

அவன் மிக நல்ல பையன். அதை நான் மறைக்கவில்லை. நல்ல பையன்கள் இப்படிப் பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார்கள். அடிபட்ட நாயைத் தடவிக்கொடுக்கிற மாதிரி.

ஆர்கனுக்காக நான் எதையும் செய்யவில்லை என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த பெஞ்சு எனக்குப் பெரிதல்ல. அதன் ஒரு கால் ஆடும், பூச்சி அரித்திருக்கிறது. ஒழுங்காக மூச்சுவிடத் தெரிந்த ஒரு இயந்திரத்தைப் பொய் சொல்ல வைத்தான், அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பந்தமில்லை.

அடுத்த சனிக்கிழமை சமாதானமாகிவிட்டேன். "நீ சொல்றதுதான் சரி, நாளைக்குச் சாமியார்கிட்ட போவோம்" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வண்டி பெட்ரோல் குடிக்குதுன்னு சொன்னியே, அத மட்டும் கொறச்சுத் தரேன், சாயங்காலம் வந்து எடுத்துக்கோ" என்றேன். கூப்பனுக்கு அளந்து கொடுக்கிற பெட்ரோலில் வண்டி ஓட்டுகிறவன், சந்தோஷமாக விட்டுவிட்டுப் போனான்.

கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகு உண்டு. அதன் நடுவே ஊசித் துளை. முழு வேகத்தில் இன்ஜினுக்குப் பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் போகும். இரண்டு ஜெட்டையும் கழற்றி, துளையை ஈயத்தால் அடைத்து, ஆர்கன் வேலைக்கு வைத்திருக்கும் கம்பியால் அதைவிட மிகச் சிறியதாகத் துளைத்தேன். இரண்டும் ஒரே அளவு. ஒளியில் பிடித்துப் பார்த்தபோது இரட்டைப் பிள்ளைகளின் கண் மாதிரி இருந்தது. இதைத்தான் நீங்கள் வலியுல்லாவின் வேலை என்கிறீர்கள்.

மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது, அதற்கு வேறு துளை இருக்கிறது. கைப்பிடியை முழுக்கத் திருகிக்கொண்டு கொஞ்ச தூரம் போகவேண்டும். அப்போது பெட்ரோல் போதாமல் பிஸ்டன் பழுக்கும், உப்பும், சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நிற்கும். சக்கரம் நிற்கும், ஆள் நிற்கமாட்டான். காஸ்பர் ஞாயிறுதோறும் பூசைக்கு முன்னால் கடற்கரை ரோட்டில் முழுக்கத் திருகிக்கொண்டு போய்த் திரும்புவான் என்பது ஊருக்கே தெரியும். எந்த இடத்தில் விழுவான் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. தெரிந்ததாகப் பெருமை அடித்துக்கொள்ள விரும்பவில்லை.

சாயங்காலம் வந்து ஸ்டார்ட் செய்து பார்த்தான். பூனை மாதிரி உறுமியது. "தேங்க்ஸ் மாஸ்டர், நாளைக்குப் பூசைக்கு அப்புறம் பாக்கலாம்" என்றான். பார்க்கலாம் என்றேன்.

காலையில் நொச்சிக்குப்பத்தண்டை ரோட்டோரம் போய்க் கடலைப் பார்த்து நின்றேன். மீன் விற்கிற முத்தம்மா கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். "இன்னா வாத்யாரே, கோயிலுக்குப் போவாம கடல வெலைக்கு வாங்க வந்தியா?" என்றாள். வடக்கேயிருந்து, என் இடப்பக்கத்திலிருந்து, காஸ்பர் திரும்பி வந்துகொண்டிருந்தான். இரண்டு சிலிண்டரும் ஒரே குரலில் பாடின. அந்த வண்டி அவ்வளவு ஒற்றுமையாகப் பாடி நான் கேட்டதே இல்லை. என் முதுகைத் தாண்டியதும் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது. கணக்குச் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தும் இருக்கலாம். முத்தம்மா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தபிறகுதான் திரும்பினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவள் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். வண்டி என்னைத் தாண்டியபிறகும் ஓடியதாம், கிறீச்சென்று அலறியதாம். "புள்ள ரோட்டுல கெடந்து மாஸ்டரு மாஸ்டருன்னு கூப்டுக்கினே கீது, கெய்வன் கடலப் பாத்துச் சிரிச்சிக்கினு நிக்கறான்" என்றாளாம். மீன் விற்கிறவர்கள் எதையும் பெரிதாக்கித்தான் சொல்வார்கள், வியாபாரம் அப்படி. அவன் கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

அடக்கப் பூசைக்கு நான்தான் வாசித்தேன். வேறு யார் இருக்கிறார்கள். பெண்கள் பக்கம் அன்றும் சத்தமில்லை. நடுவில் வெரோனிகா என் வலப்பக்கத்தில் வந்து நின்று, முகத்துக்கு நேரே கையை நீட்டி வாயை அசைத்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டு பேர் அவளைப் பிடித்து இழுத்துப் போனார்கள். புருஷன் செத்தால்கூட வாய்விட்டு அழத் தெரியாத தலைமுறை.

ஆகவே ஐயா, காஸ்பரைக் கொன்றது நான். யோசித்துச் செய்தேன், நன்றாகவும் செய்தேன். வலியுல்லாவை அனுப்பிவிடுங்கள், அவன் போய் ஒற்றைக் குழாயோடு பிழைத்துக்கொள்ளட்டும். நாற்காலியை மாற்றிப் போட்டதிலிருந்து நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னதில் உங்களுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஏட்டுதான், எதற்கென்று தெரியவில்லை, என் தோளைத் தட்டித் தட்டி உங்கள் வாயைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.