ஒரு விரல் மணல்

மாலை ஆறே கால். ஏரிக்கரைச் சாலையில் ஈ காக்கை இல்லை... என் நண்பனின் அத்தான் மட்டும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். மறுநாள் பிளக்க வேண்டிய குழாயைத் தயார் செய்ய, ஆய்வுக்கூடத்துக்கு. இப்போதே காதைப் பொத்தினால் எப்படி? கேளுங்கள்.

அவருக்கு ஏரிச் சேற்றில்தான் வேலை. நீளக் குழாயை ஏரியின் அடியில் இறக்கி, சேற்றை அப்படியே உருவி எடுப்பார்கள். பிளந்து பார்த்தால் வரி வரியாக இருக்கும். வெள்ளம் வராத வருஷம் கறுப்புச் சேறு. வந்த வருஷம் வெளிறிய மணல். மேல்நுனி இந்த வருஷம். அங்கிருந்து கீழே எண்ணிக்கொண்டு போனால், எந்தக் காலத்தில் மழை கூடியது, எப்போது குறைந்தது என்று சொல்லிவிடலாம். அந்த மேல்நுனி கலையக் கூடாதே... அதற்காக ஸ்பாஞ்சு வைத்து அடைத்து மூடுவார்கள். அந்தக் குழாயை அத்தானே அடைத்திருந்தார்.

மூடியைத் திறந்தார். ஸ்பாஞ்சைக் காணோம். அந்த இடத்தில் ஈர மணல்... ஒரு விரல் கனம். குப்பென்று வெள்ளத் தண்ணீர் வாடை. சுரண்டினார். ஸ்பாஞ்சு மணலுக்கு அடியில் இருந்தது.

இந்த வருஷத்துக்கும் மேலே மணல் என்றால், அது இனிமேல் வரப்போகிற வெள்ளம். இன்னும் சுரண்டினார். கத்தி முனையில் ஏதோ 'டிக்' என்று தட்டியது... பூப்போட்ட சிவப்புப் பொத்தான். ஐந்து வயது மகளின் சட்டையில் அதே மாதிரி நாலு உண்டு.

விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினார். சட்டையில் நாலும் இருந்தன. நண்பனின் அக்கா சிரித்தாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம். இந்த மாதிரி பொத்தான் ஊர்ல ஆயிரம் இருக்குங்க!"

அவர் கேட்கவில்லை. சட்டையைக் கொளுத்தினார். அந்த வாரமே ஏரிக்கரை வீட்டைக் காலி செய்து, மேட்டில் ஒரு மூன்றாம் மாடிக்குக் குடிபோனார். குழந்தை மட்டும் சட்டையைக் கேட்டு அழுதுகொண்டே இருந்தது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் அதே மாதிரி ஒன்று வாங்கிவிட்டாள்.

நேற்று மழை பிடித்ததே... அப்போதுதான் அத்தான் பார்த்தார். குழந்தை அந்தச் சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று பொத்தான்.

"இன்னொண்ணு எங்க?" அக்காவை உலுக்கிக் கேட்டார்.

"வாங்கும்போதே மூணுதாங்க இருந்துச்சு."

இரவெல்லாம் வாசல் கதவில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். ஜன்னல்கள் எல்லாம் உள்தாழ்ப்பாள். விடியும்போது வெள்ளத் தண்ணீர் வாடை... எழுந்து குழந்தையின் படுக்கைக்கு ஓடினார்.

குழந்தையை இன்னும் தேடுகிறார்கள். என் நண்பன் இன்றைக்கு வராததும் அதனால்தான். படுக்கையில் ஈர மணல் இருந்ததாம். அத்தான் அளந்து பார்த்திருக்கிறார்... ஒரு விரல் கனம்.