பச்சைத் துணி

விளையாட்டு இயந்திரங்களில் பீட்சா எண்ணெய் படிந்த பொத்தான்களைத் துடைக்க வெந்நீரை விட வினிகர் நல்லது. வெந்நீர் உள்ளே இறங்கி ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைத்துவிடும். பழைய பனியன் துணியில் வினிகரைத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். என் வேலை என்ன என்று நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். பெரும்பாலும் இதுதான் வேலை. மீதி நேரத்தில் பழைய பிக்சர் ட்யூப்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வேன்.

கஸ்ஸும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. குஸ்தாவ் ஹெக்லண்ட் என்ற முழுப்பெயர் உங்கள் தாளில் இருக்கும். அப்படி அவனைக் கூப்பிட்டவர்கள் ஆசிரியர்களும் பல் டாக்டரும்தான். டுலூத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கம், ஏரியைப் பார்த்த பழைய கயிற்றுக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து நாங்கள் வீடியோ விளையாட்டுக் கூடம் தொடங்கியபோது ஊரே சிரித்தது. செத்துப்போன விளையாட்டுகளுக்கு இரண்டு கிழவர்கள் சவப்பெட்டிக் கடை போட்டிருக்கிறார்கள் என்றான் கஸ்ஸின் மச்சினன். பிறகு பழைய விளையாட்டுகளுக்கு மறுபடி மவுசு வந்தது. வாசலில் ஒரே கட்டணம், நாள் முழுக்க விளையாடலாம் என்றோம். சனிக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. சிரித்தவர்களே பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இடம் கேட்டு வந்தார்கள். மச்சினனும் வந்தான்.

எங்களிடம் இருந்த இயந்திரங்களில் எனக்கு உயிர் ‘கலங்கரை’. இருட்டில் பாறைகளுக்கு நடுவே கப்பலைக் கரைசேர்க்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அதில் படம் கிடையாது, வெறும் ஒளிக்கோடுகள். அந்தக் கோடுகள் புள்ளி புள்ளியாகச் சேர்ந்தவை அல்ல. ட்யூபுக்குள் மின்கதிர் பேனா முனை மாதிரி ஓடி வரைபவை. அதே விளையாட்டை இன்றைய தட்டைத் திரையிலும் ஓட்டலாம். கோடு வரும், அந்த ஒளி வராது. மூன்று கப்பல் தருவார்கள். மூன்றும் மூழ்கினால் ஆட்டம் முடிந்தது, மறுபடி முதலிலிருந்துதான்.

ட்யூபைப் பற்றி ஒன்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது தனக்குள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நீளத் திருப்புளியில் ஒரு கம்பியைக் கட்டி, கம்பியின் மறுமுனையை இரும்புச் சட்டத்தில் மாட்டி, திருப்புளி முனையை ட்யூபின் ரப்பர் மூடிக்கு அடியில் செருக வேண்டும். ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் கை வைக்கலாம். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவன் ட்யூபின் கழுத்தில் ஒரு பச்சைத் துணியைக் கட்டுவான். இயந்திரத்தை மறுபடி போடும் முன் அவனே அவிழ்ப்பான். துணி இல்லாவிட்டால் யாராக இருந்தாலும் ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மற்றக் கையால்தான் வேலை பார்க்க வேண்டும். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியே பாய்ந்துவிடும். துணி இருந்தால் இரண்டு கையையும் உள்ளே விடலாம்.

போன இலையுதிர் காலத்தில் கஸ்ஸுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இனி ட்யூப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். கஸ் அவரிடம் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு நேரே கூடத்துக்கு வந்தான். “இனிமே டப்புன்னு அடிக்கிறது உன் வேலைடா. நீ துணி கட்டினாத்தான் நான் கை வைப்பேன்” என்றான். அன்றிலிருந்து நான்தான் கட்டினேன், நான்தான் அவிழ்த்தேன். துணி கண்ணெதிரே தொங்கினாலும், கையை உள்ளே விடுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பான். அந்தக் குளிர்காலம் எனக்கு நன்றாக இருந்தது. நான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. மத்தியானத்தில் அவன் கொண்டுவரும் புகையில் வாட்டிய மீனை ரொட்டியில் வைத்து இரண்டு பேரும் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தின்போம்.

வந்த இளசுகளுக்கு என்ன பிடித்தது என்று நான் தினமும் பார்த்தேன். கலங்கரை முன்னால் வந்து நிற்பார்கள். போனில் படம் எடுப்பார்கள். விளையாடி, காபி ஆறுவதற்குள் மூன்று கப்பலையும் மூழ்கடித்துவிட்டு, மூலையில் கஸ் வாங்கிப்போட்ட புது இயந்திரத்துக்குப் போய்விடுவார்கள். அது தட்டைத் திரை. ஆயிரம் பழைய விளையாட்டுகள் அதில் அடக்கம். நாலு பேர் சேர்ந்து ஆடலாம். செத்தால் செத்த இடத்திலிருந்தே தொடரலாம். வாசலில் சீட்டுக் கொடுத்த கஸ்ஸின் மகள் பிரிட்டா இதை எனக்குப் பொறுமையாக விளக்கினாள். “செத்தா முதல்லேர்ந்து வான்னு சொன்னா யாரு அங்கிள் வருவா? அவங்க தோக்கவா வராங்க, சேந்து சிரிக்க வராங்க” என்றாள். நான் வினிகர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

வசந்தத்தில், பனி இன்னும் உருகி முடியாதபோதே, கஸ் முடிவெடுத்தான். எல்லா ட்யூப்களையும் கழற்றிவிட்டுத் தட்டைத் திரை போடுவது, கலங்கரையில் தொடங்குவது. நான் அவனோடு சண்டை போடவில்லை. அந்த ஒளியைப் பற்றிச் சொன்னேன். அந்த மாதிரி ட்யூபை இனி உலகத்தில் யாரும் செய்யப்போவதில்லை என்றேன். அவன் மீன் முள்ளை எடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“நாம பதினேழு வயசுல ட்யூபைப் பாக்கவா போனோம்? தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்கத்தானே போனோம். இதுங்களும் அதுக்குத்தான் வருது. கண்ணாடிக்குள்ள என்ன இருந்தா என்னடா?”

அவன் சொன்னது சரி. நான் அப்போதே அதை ஒத்துக்கொண்டேன். இன்றும் ஒத்துக்கொள்கிறேன். கலங்கரையின் ட்யூபை நானே வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றும் சொன்னான். பெருந்தன்மையானவன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து என் முதுகில் தட்டி, “புதுத் திரையில கரண்ட் தங்காது. துணியும் வேணாம், ஒண்ணும் வேணாம், நானே பாத்துக்குவேன். நீ இனிமே தினம் பனியில வந்து அல்லாட வேண்டியதில்ல. வீட்டுல காலை நீட்டு” என்றான்.

அதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். நான் கோபப்படவும் இல்லை.

கழற்றுவதென்று வைத்த நாளுக்கு முந்தின மாலை, கலங்கரையின் மின்கம்பியைப் பிடுங்கி, திருப்புளியைச் செருகி, சத்தத்தைக் கேட்டு, துணியைக் கட்டினேன். பிரிட்டா பார்த்தாள், உங்களிடமும் சொல்லியிருப்பாள். மறுநாள் காலை நான் முதலில் வந்து கதவைத் திறந்தேன். கடைசியாக ஒரு ஆட்டம் ஆடத் தோன்றியது. இயந்திரத்தைப் போட்டு ஆடினேன், நன்றாக ஆடினேன். மூன்றாவது கப்பல் மூழ்கியதும் அணைத்துக் கம்பியைப் பிடுங்கினேன். கஸ் காபியோடு வந்தான். துணியைப் பார்த்தான். இரண்டு கையையும் உள்ளே விட்டு ரப்பர் மூடியைப் பிடித்தான். நான் அவனைக் கீழே கிடத்தி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அவர்கள் வரும்வரை நெஞ்சை அமுக்கினேன். என் மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவனைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

துணியை அவிழ்க்க மறந்துவிட்டேன் என்று அன்று வந்த உங்கள் ஆளிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். விபத்து என்று முடித்தும்விட்டார்கள்.

இன்று நானாகவே ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். பிரிட்டாவால் வந்தேன். அவள் நல்ல பெண். அடக்கம் முடிந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஞாயிறுதோறும் சமைத்ததைச் சட்டியோடு கொண்டுவந்து எனக்குச் சாப்பாடு போடுகிறாள். அப்பாவைக் கொன்ற சனியன்கள் என்று எல்லா ட்யூப்களையும் உடைத்துக் குப்பைக்கு அனுப்பிவிட்டாள், கலங்கரையையும் சேர்த்து. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன ஞாயிறு என் கையைத் தடவி, “உங்களையே திட்டிக்காதீங்க அங்கிள். வயசானா மறதி வரத்தான் செய்யும். அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்” என்றாள்.

கஸ் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். அந்தத் துணி விஷயத்தில் நான் ஒரு நாளும் மறந்தது கிடையாது, அது அவனுக்குத் தெரியும். எனவே பழைய தாளைத் திருத்திக்கொள்ளுங்கள். அன்று காலை இயந்திரத்தைப் போடும் முன் வழக்கப்படி துணியை அவிழ்த்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்து மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு திருப்புளி என் பக்கத்திலேயே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. துணியை வெளியே எடுத்து, ட்யூபின் கழுத்தில் கட்டி, அவிழாதபடி இன்னொரு முடிச்சும் போட்டேன். வாசலில் அவன் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும் சத்தம் கேட்டது. அவிழ்க்கப் போதுமான நேரம் இருந்தது.

எல்லாம் அந்த ஒளிக்காகத்தான். இதை எப்படிச் சொன்னாலும் உங்களுக்குப் புரியாது, நீங்கள் அந்தக் கோடுகளைப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் யாரிடமும் சொல்லாதது. ட்யூபுக்கு முன்னால் குனிந்த கஸ், கையை உள்ளே விடுவதற்கு முன் எப்போதும் போல என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“பாத்துட்டியா லாய்ட்?”

“பாத்துட்டேன்” என்றேன்.

அவன் சிரித்துவிட்டுத் திரும்பினான். கை வைக்க அவனுக்கு இன்னும் என் வார்த்தை வேண்டியிருந்தது. இனிமேல் நான் வர வேண்டியதில்லை என்று அவன் சொன்னதெல்லாம் சும்மாதான் என்று அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது.